பன்னிரு படப் பெட்டி

எங்கள் வட்டுக்கோட்டைப் பகுதியிலே ஒருவர் காலமானால், 31ஆம் நாளில் அவர் நினைவாகக் கல்வெட்டு ஒன்றை அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்து வாசகர் இதனை நன்கறிவர். தமிழாசிரியன் என்ற ஒரே காரணத்தால், கல்வெட்டுக்குச் செய்யுள் இயற்றும் பணி அவ்வப்போது என் தலையிலும் சுமத்தப்படுவதுண்டு. வெண்பாவோ விருத்தமோ பாடத் தொடங்குமுன் நான் கேட்பது ஒன்றே: இறந்தவரின் படம் ஒன்றைக் காட்டுங்கள். முகத்தைப் பாராமற் பாடிய பாட்டு எவருக்கும் பொருந்தும். எவருக்கும் பொருந்துவது ஒருவருக்கும் உரியதன்று.

படம் கேட்டவுடன் வீட்டார் ஒருவரையொருவர் பார்ப்பர். சிறிது நேரத்தின் பின் மூன்று வகைப் படங்களுள் ஒன்று வெளிவரும். முதலாவது, அடையாள அட்டைக்காக எடுத்தது. அதிலே கண்கள் ஓர் அதிகாரியைப் பார்ப்பது போல விறைத்து நிற்கும். இரண்டாவது, திருமணத்தின் பின் ஸ்ரூடியோவிற்குச் சென்று எடுத்தது. அந்த இளமுகத்துக்கும் ஐம்பதாண்டு கழித்து இறந்த மூதாட்டிக்கும் உறவு உண்டென்று சொன்னாலன்றித் தெரியாது. மூன்றாவது, செத்தவீட்டிலே பெட்டியைச் சுற்றி உறவினர் நிற்க எடுத்தது. எண்பதாண்டு வாழ்ந்த ஒருவர் உயிரோடிருந்து சிரித்ததைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத வீடுகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன்.

அரிதாக நான்காம் வகை ஒன்றும் கிட்டும். கிணற்றடியிலே ஒருவர் துலாக்கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்ப்பார். குசினி வாசலிலே ஓர் அம்மையார் சுளகும் கையுமாய் இருப்பார். படம் சதுரமாய் இருக்கும். ஓரங்கள் சற்று மங்கியிருக்கும். எடுத்தவரின் நிழல் நிலத்திலே நீண்டு கிடக்கும். குறை பல உண்டு. ஆயினும் அந்த முகத்தைக் கண்டதும் செய்யுளின் முதலடி தானே வந்து நிற்கும். எடுத்த கருவி எதுவென்று வினாவினால், மாமா வைத்திருந்த பழைய பெட்டிக் கமரா என்பது போன்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பெட்டிக் கமராவைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தேன்.

எழுதத் தூண்டியவர் என் பழைய மாணவி ஒருவர். இப்பொழுது தாமும் ஆசிரியையாக இருப்பவர். கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பிலிம் போட்டு எடுக்கும் எளிய கமரா ஒன்றை அவருக்குக் கொடுத்துச் சென்றாராம். அதனை என்னிடம் கொண்டுவந்து, “ஐயா, இதிலே திருப்பிறதுக்கு ஒன்றுமே இல்லை. குறி பார்த்து அமத்திறது மட்டுந்தான். இதை வைத்து என்னத்தைப் பழகிறது?” என்று கேட்டார். நல்ல வினா. அதற்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே தருகிறேன்.

முதலிலே சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவது தமிழாசிரியனின் பழக்கம், பொறுத்தருள்க. கமரா என்பது இலத்தீன் மொழியில் அறையைக் குறித்த சொல். இருட்டறையின் ஒரு பக்கத்திலே சிறு துளையிட்டால், வெளியேயுள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாய் விழும். அந்த இருட்டறையே பின்னர்ச் சுருங்கிக் கைப்பெட்டியாயிற்று. போட்டோகிராபி என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கு ஒளியால் வரைதல் என்பது பொருள். நாம் புகைப்படம் என்கிறோம். முற்காலத்தில் வெளிச்சத்துக்காகக் கொளுத்திய பொடியின் புகையால் அப்பெயர் வந்ததென்பாருமுளர். நிழற்படம் என்ற சொல்லும் உண்டு. எனக்கு உகந்தது ஒளிப்படம் என்பதே. வட்டுக்கோட்டைக்கு இவ்வகைச் சொல்லாராய்ச்சி புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிலே பெயர்த்த வைத்தியர் கிறீன், உறுப்புக்கும் நோய்க்கும் தமிழ்ச்சொல் தேடி உழைத்தவர். 1839இல் பாரிசிலே ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபொழுது, 1823இல் எங்கள் ஊரில் தொடங்கிய செமினரியிலே மாணவர் கணிதமும் வானசாத்திரமும் கற்றுக்கொண்டிருந்தனர்.

வானசாத்திரம் கல்லாதவரும் கமராவின் தத்துவத்தை எங்களூரிலே கண்டிருப்பர். ஓலையால் வேய்ந்த வீட்டின் கூரையிலே சிறு துவாரங்கள் இருக்கும். அவற்றினூடாக வரும் வெயில், சாணியால் மெழுகிய தரையிலே வட்ட வட்டப் பொட்டுக்களாய் விழும். துவாரம் கோணலாய் இருந்தாலும் பொட்டு வட்டமாய் இருப்பது ஏன்? அப்பொட்டு துவாரத்தின் வடிவமன்று, சூரியனின் படம். 2010 சனவரி 15ஆந் திகதியும் 2019 திசெம்பர் 26ஆந் திகதியும் யாழ்ப்பாணத்திலே கங்கண சூரியகிரகணம் தெரிந்தது. அவ்வேளையிலே வேப்பமர நிழலிற் கிடந்த ஒளிப்பொட்டுக்கள் எல்லாம் வளையல்களாய் மாறின. ஆயிரம் இலையிடுக்குகள் ஆயிரம் கமராக்களாகிச் சூரியனைப் படம் பிடித்தன.

எளிய கமராவும் இந்த ஓலைத் துவாரத்தின் நெருங்கிய உறவே. துவாரம் சிறியதாயின், அண்மையிலுள்ளதும் சேய்மையிலுள்ளதும் ஒருங்கே ஓரளவு தெளிவாய் விழும். ஆகவே, தூரத்துக்கேற்ப வில்லையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியதில்லை. ஏறக்குறையப் பத்தடிக்கு அப்பாலுள்ள யாவும் ஏற்கத்தக்க தெளிவுடன் பதியும். துவாரம் சிறிதாகையால் உள்ளே புகும் ஒளி குறைவு. எனவே நல்ல வெளிச்சம் வேண்டும். அண்மையிற் போகாதே, இருட்டில் எடாதே என்ற இரு விதிகளும் இப்படிப் பிறந்தவை. இவற்றை ஏற்றுக்கொண்டால், மற்றெல்லாவற்றையும் கமரா தானே பார்த்துக்கொள்ளும்.

இந்த எளிமையை உலகுக்கு வழங்கியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்மன். 1888இல் அவர் வெளியிட்ட கொடாக் கமராவின் விலை 25 டொலர். அதனுள்ளே 100 படங்களுக்கான பிலிம் இருந்தது. முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். படங்களும், புதுப் பிலிம் இட்ட கமராவும் திரும்பி வரும். 1900இல் பிரௌனி என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றார். அது சிறுவரையும் எண்ணிச் செய்யப்பட்டது. அதுவரை படம் எடுத்தல் என்பது செல்வரின் பொழுதுபோக்கு, அல்லது ஸ்ரூடியோக்காரரின் தொழில். அன்று முதல் அது வீட்டுச் சாமானாயிற்று. 1963இல் இன்ஸ்டமற்றிக் வந்தது. பிலிமைக் கோக்கும் சங்கடமும் நீங்கி, கூட்டோடு உள்ளே வைத்து மூடினால் போதுமென்றாயிற்று. 1975இல் யப்பானியரின் கொனிக்கா, பிளாஷ் விளக்கை உடலுக்குள்ளேயே அமைத்தது. 1977இல் தானே தூரம் அளந்து கொள்ளும் கமராவையும் அது விற்பனைக்கு விட்டது. என் மாணவியின் கமரா இந்தப் பரம்பரையிலே பின்வந்த எளிய பிள்ளை.

எங்கள் வீட்டுக்கு வந்தது வேறொரு கிளையைச் சேர்ந்தது. ஜேர்மனியின் அக்பா நிறுவனம் 1950களின் இறுதியில் வெளியிட்ட கிளிக் வரிசைக் கமராக்களுள் ஒன்று, பின்னர் இந்தியாவின் பரோடா நகரிலும் செய்யப்பட்டுத் தமிழகமெங்கும் விற்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை இலங்கையிலே இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். அக்காலத்திலே சென்னைக்குப் போன என் மாமா, திரும்புகையில் இராமேஸ்வரம் – தலைமன்னார்க் கப்பலில் அதனைக் கொண்டுவந்தார். கறுப்பு நிறம், கையிற் பிடித்தால் தேங்காய்ப் பாதியளவு, பற்றறி இல்லை. ஒரு றோலில் 12 சதுரப் படங்கள். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. முதுகிலே சிவப்புக் கண்ணாடியிட்ட சிறு சாளரம். அதனூடே பிலிமின் பின் கடுதாசியிலுள்ள இலக்கம் தெரியும். ஒரு படம் எடுத்தபின், அடுத்த இலக்கம் வரும்வரை குமிழைத் திருகவேண்டும். திருக மறந்தால் கமரா தடுக்காது. முன் எடுத்ததன் மேலேயே மறுபடமும் விழும்.

இந்த இறுதி வாக்கியத்தை எழுதுகையில் என் கை இன்றும் தயங்குகின்றது. 1983ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஊர்க் கோயிலிலே தேர்த்திருவிழா. புறப்படுமுன் மாமா கமராவை என் கையிலே தந்தார். றோலில் எஞ்சியிருந்தவை இரண்டே படங்கள். ஒன்று அம்மம்மாவுக்கு, மற்றையது தேருக்கு என்று தீர்மானித்தேன். அம்மம்மா தம் வாழ்நாளில் ஒருமுறையும் படத்துக்கு நின்றவரல்லர். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய தலைமுறை. அன்று ஏனோ, பேரன் கேட்டான் என்று, முற்றத்துப் பலாமரத்தடியில் வந்து நின்றார். அமுக்கினேன். தேர் அசைந்துவிட்டது என்று யாரோ கூவினர். ஓடினேன். குமிழைத் திருகவில்லை. வீதியிலே தேர் வந்தபொழுது மீண்டும் அமுக்கினேன்.

கழுவி வந்த படத்திலே அம்மம்மாவின் முகத்தினூடாகத் தேரின் சில்லு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தனர், அம்மம்மாவும் சிரித்தார். அடுத்த றோலில் ஒழுங்காய் எடுப்போம் என்று மாமா தேற்றினார். அடுத்த றோல் வருமுன் அம்மம்மா போய்விட்டார். அவருடைய கல்வெட்டிலே படமில்லை. படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கு அச்சிட்டிருந்தது. ஒரு குமிழை அரைச் சுற்றுத் திருகாமல் விட்டதன் விலை அது. தவறு கமராவினுடையதன்று, என்னுடையது. எளிய கமராவிலே திருப்புவதற்கு ஒன்றும் இல்லையென்று மாணவி சொன்னபொழுது, எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தக் குமிழ்.

பத்தாண்டு கழிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே 1990 முதல் மின்சாரம் இல்லை. எரிபொருள் முதலாகப் பல பொருள்கள் வடக்கே வரத் தடையிருந்தது. பற்றறியும் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டிலிருந்த உறவினர் முன்னர் அனுப்பிய தானியங்கிக் கமரா ஒன்று எங்கள் அலுமாரியிலே ஊமையாய்க் கிடந்தது. பற்றறியின்றி அதன் கண் திறவாது. பழைய பெட்டியோ வெயிலை மட்டும் கேட்டது. வெயிலுக்கு எவரும் தடை விதிக்கவில்லை. 1993இல், கிளாலிக் கடல்வழியாய் வந்த ஒருவர் ஒரு றோல் பிலிம் கொண்டுவந்து தந்தார். அதிலே பன்னிரண்டு படங்கள். இம்முறை நான் ஓடவில்லை.

அந்தப் பன்னிரண்டையும் எடுக்க எனக்கு ஏறக்குறைய நான்கு மாதம் சென்றது. ஒருநாட் பிற்பகல் நாலரை மணி. அம்மா விறாந்தையின் விளிம்பிலே இருந்து ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். மேற்கு வெயில் பக்கவாட்டில் விழுந்தது. பத்தடி அளந்து நின்றேன். “என்னடா, வேலையில்லையோ உனக்கு?” என்று கேட்டு நிமிர்ந்தார். அந்த நிமிர்வு அப்படியே பதிந்தது. உடனே குமிழைத் திருகினேன். அடுத்த இலக்கம் சிவப்புச் சாளரத்தில் வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

பிலிமைக் கழுவுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. இருட்டும் தண்ணீரும் மருந்தும் இருந்தாற் போதும். ஒளிபட்ட வெள்ளியுப்பை ஒரு மருந்து கறுப்பாக்கும். ஒளிபடாததை மற்றொரு மருந்து கரைத்து நீக்கும். ஸ்ரூடியோக்காரப் பெரியவர் ஒருவர், சாளரப் பலகையை ஒரு கணம் திறந்து மூடிப் பகலொளியாலேயே நெகட்டிவின் அளவில் படங்களைப் பதித்துத் தந்தார். நெகட்டிவ்களைக் கடுதாசியில் மடித்து நீட்டி, “தம்பி, இதைப் பத்திரமாய் வையுங்கோ, படம் போனாலும் இது இருந்தால் திரும்பப் போடலாம்” என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே சொன்னேன். “அப்ப இதுவும் ஒரு உறுதிதான்” என்று சொல்லி, காணி உறுதிகள் இருந்த பால்மாப் பேணிக்குள் அதனையும் வைத்தார்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் பெருந்திரளாய் இடம்பெயர்ந்ததை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மழையிலே, நாவற்குழி வழியாக, ஓரடி வைக்க ஒரு நாழிகையாக நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். அல்பம் பாரம் என்று வீட்டிலே விட்டோம். கமராவையும் விட்டோம். உறுதிப் பேணி அம்மாவின் மடியில் இருந்தது. 1996இல் திரும்பி வந்தபொழுது அலுமாரி மழையில் நனைந்து கறையான் பிடித்துக் கிடந்தது. அல்பம் ஒரு மண்கட்டியாய் இருந்தது. கமராவைக் காணவில்லை. அம்மா பேணியைத் திறந்தார். உறுதிகளுக்கு நடுவே பன்னிரண்டு நெகட்டிவும் அப்படியே இருந்தன.

2011இல் அம்மா காலமானார். அவர் கல்வெட்டின் முதற்பக்கத்திலே விறாந்தை விளிம்பில் அவர் நிமிர்ந்து பார்க்கும் படம் இருக்கின்றது. அதற்கு நான் எழுதிய செய்யுள் சிறப்பானதன்று. வந்தவர் எவரும் செய்யுளைப் பற்றிப் பேசவுமில்லை. படத்தைப் பார்த்து, இப்பொழுது எழும்பி வரப்போகிறா போல இருக்கிறது என்றனர். பண்டிதனுக்கு அதிலே சிறு தோல்வி, மகனுக்குப் பெருவெற்றி.

இப்பொழுது மாணவியின் வினாவுக்கு வருவோம். திருப்புவதற்கு ஒன்றுமில்லாத கமராவிலே எதனைப் பழகுவது? கமராவையன்றி மற்றெல்லாவற்றையும் பழகலாம். முதலாவது, ஒளி. எங்கள் நாட்டு நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுவதால் கண்குழிகள் கறுத்துப்போம். காலையும் நாலு மணியின் பின்னும் நல்லவை. விறாந்தை விளிம்பு எந்த ஸ்ரூடியோவுக்கும் தாழ்ந்ததன்று. ஒளி படமெடுப்பவரின் முதுகிலோ பக்கத்திலோ இருக்கட்டும். இரண்டாவது, தூரம். பழைய பெட்டியாயின் பத்தடி. 35 மில்லிமீற்றர் பிலிமிடும் பிற்காலத்து எளிய கமராக்கள் சில, நாலைந்தடிவரை நெருங்கவிடும். அந்த எல்லையைக் கால்களாற் பழகவேண்டும். மூன்றாவது, அசையாமை. முழங்கைகளை விலாவோடு அணைத்து, மூச்சை அடக்கி, மெல்ல அமுக்குக. நான்காவது, பிலிம். தொடக்கக்காரருக்கு 400 என்னும் வேகமுடையது ஏற்றது. நிழலிலும் ஓரளவு கைகொடுக்கும். பிலிமைக் கோத்தபின், சுற்றும்பொழுது மறுபக்கத்துக் குமிழும் கூடச் சுழல்கின்றதா என்று பார்க்க. சுழலாவிடின் பிலிம் நகரவில்லை, எடுப்பது அனைத்தும் வீண். வெயிலில் நிறுத்திய வாகனத்துள் பிலிமை விட்டுவிடாதீர். சிறு கமராக்களின் பிளாஷ் சில அடிகளுக்கே எட்டும்; இரவுத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கு அதனை அமுக்குவது கடலுக்குள் உப்புப் போடுவதாகும்.

இவையெல்லாம் ஒரு வாரத்திற் பழகக்கூடியவை. பழகுதற்கரியது ஐந்தாவது: எண்ணிக்கை. 12 அல்லது 24 அல்லது 36 என்று ஓர் எல்லை இருப்பதால், யாரை எடுப்பது, எப்பொழுது எடுப்பது என்று முன்னரே சிந்திக்கின்றோம். யாப்பும் அத்தகையதே. வெண்பாவுக்கு நாலடி என்ற எல்லை இல்லாவிடின், சொல்லைத் தேர வேண்டியதில்லை. தேராத சொல் நிலைப்பதுமில்லை. புதிதாய்த் தொடங்குவோர்க்கு எல்லாம் செய்யவல்ல கமராவைக் கொடுத்தல், எழுத்தறியுமுன் அகராதியைக் கொடுப்பதை ஒக்கும்.

பிலிம் மாய்ந்தொழிந்தது என்று கருதுவோர்க்கும் ஒன்று சொல்வேன். கொடாக் நிறுவனம் 2012இல் அமெரிக்க நீதிமன்றிலே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது உண்மையே. ஆயினும் பிலிம் செய்வது ஒழியவில்லை. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற பெயரில் புத்தம்புதிய பிலிம் கமராவொன்று விற்பனைக்கு வந்தது. அதனைக் கையாலேயே சுற்றவேண்டும். நம் ஊரிலே பிலிம் பெறுவதும் கழுவுவிப்பதும் எளிதன்று, செலவும் உண்டு. ஆகையால், கைத்தொலைபேசியே உடையவர் அதனாலேயே எடுக்க, நான் தடுப்பவனல்லன். ஆனால் அதனையும் பன்னிரு படப் பெட்டியாய் எண்ணி எடுக்க. ஆயிரம் எடுத்து ஒன்றையும் தாளிற் பதியாதவர், அல்பத்தை வீட்டில் விட்டுவந்த எம்மினும் ஏழை. எமக்கு ஒரு பேணியாவது இருந்தது.

இன்னுமொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டிலே அழகிய பழைய படம் ஒன்றைக் காட்டினர். சகோதரிகள் இருவர் வேலியோரம் நிற்கின்றனர். இருவருள் இறந்துபோன பாட்டி எவர் என்று கேட்டேன். வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்த ஒருவருக்காகவே நான் அன்று செய்யுள் எழுத வந்திருந்தேன். ஆதலால், படத்தைத் தாளிற் பதித்ததும், மென்மையான பென்சிலால் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுக. ஒளி முகத்தை வரையும். பெயரை நாம்தான் எழுதவேண்டும்.

என் மாணவி போன கிழமை வந்தார். முதல் றோல் முடிந்ததாம். கொழும்புக்கு அனுப்பிக் கழுவுவித்துக் கொண்டுவந்த படங்களை மேசையிலே பரப்பினார். பாதி பழுது. ஒன்றிலே விரல் வில்லையை மறைத்திருந்தது. ஒன்றிலே வயோதிபர் ஒருவர் வெற்றிலைத் தட்டத்தை நகர்த்திவிட்டுப் பார்க்கிறார். பக்கத்திலிருந்து வந்த காலை வெயில் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணியிருக்கிறது. “அப்பப்பா, ஐயா” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பென்சிலை எடுத்து நீட்டினேன்.